பதினெட்டா, பன்னிரண்டா? கல்லூரிப் பிள்ளைகளின் பாடச்சுமை



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அம்பாங்கானில் எந்த இந்தியர் வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான் காதில் விழும். "எத்தனை ஏ?" கோயிலில் கேட்பார்கள், கடையில் கேட்பார்கள், தொலைபேசியில் பினாங்கிலிருந்து மாமா கேட்பார். அதே பிள்ளை இரண்டு மூன்று மாதம் கழித்துக் கல்லூரியில் சேர்ந்து முதல் செமஸ்டருக்குப் பாடங்களைப் பதிவு செய்கிறது. "இந்த செமஸ்டருக்கு எத்தனை கிரெடிட் எடுக்கிறாய்?" என்று கேட்க அன்று வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை. அக்கறை இல்லாமல் அல்ல. அந்தக் கேள்வி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. இன்றைய அங்கத்துக்கு எடுத்துக் கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் இருக்கிறது அம்பாங்கான். சுற்று வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். செனவாங் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை, லாரி, பாதுகாவலர் பணி, சிலருக்கு அரசாங்க வேலை. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் முதல் தலைமுறை என்று சொல்லத்தக்க குடும்பங்கள் இன்னும் நிறையவே உண்டு. இவர்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு தெரியும். கல்லூரிக் கணக்கு வேறு மாதிரி.

முதலில் அந்தச் சொல்லே குழப்புகிறது. எஸ்.பி.எம்.மில் கிரெடிட் என்றால் நல்ல தேர்ச்சி. "பி.எம்.மில் கிரெடிட் வாங்கிட்டான்" என்று சந்தோஷப்பட்ட அதே அம்மாவிடம் மகன் "இந்த செமஸ்டர் 18 கிரெடிட்" என்று சொன்னால், ஏதோ பரிசு வாங்கி வந்தது போலத்தான் அவர் எடுத்துக் கொள்வார். இங்கே கிரெடிட் என்பது மதிப்பெண் அல்ல, தூக்க வேண்டிய சுமையின் எடை.

எண்ணிக்கை மயக்கம்

நம் நாட்டில் பாட எண்ணிக்கைக்கு ஒரு கவர்ச்சி வந்ததற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வில் ஜொகூர், உலு திராமைச் சேர்ந்த நூர் அமலினா சே பக்ரி 17 பாடங்களில் 1ஏ பெற்றார். நாடே பேசியது. 2008ஆம் ஆண்டுத் தேர்வில் கிளந்தானைச் சேர்ந்த மீனவர் மகள் நிக் நூர் மடிஹா 20 பாடங்களில் ஏ எடுத்தார். பாராட்ட வேண்டிய உழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் 'பத்துப் பாடம் எடுப்பவன் சாதாரணம், பதினைந்து எடுப்பவன் கெட்டிக்காரன்' என்ற எண்ணம் வீடுகளில் ஊறிப் போனது.

இதை நிறுத்தத்தான் 2009ஆம் ஆண்டு அப்போதைய துணைப் பிரதமரும் கல்வி அமைச்சருமான முகைதீன் யாசின், 2010 முதல் எஸ்.பி.எம்.மில் 10 பாடங்கள் மட்டுமே என்று அறிவித்தார். நோக்கம் சரிதான். ஆனால் அடி விழுந்த இடம் வேறு. அறிவியல் பிரிவு மாணவரைப் பாருங்கள். மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று ஒன்பது ஆகிவிடுகிறது. தமிழ்மொழி பத்தாவது. தமிழ் இலக்கியம் பதினொன்றாவது பாடம், அதற்கு இடமே இல்லை. பள்ளி முடிந்த பிறகும் வார இறுதியிலும் ஆசிரியர்கள் வகுப்பு நடத்திக் காப்பாற்றி வந்த பாடம் அது. இந்தியர் அமைப்புகளும் ஆசிரியர்களும் குரல் எழுப்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசாங்கம் இறங்கி வந்தது. 10 பாடங்களோடு கூடுதலாக 2 எடுக்கலாம் என்று ஆனது.

அந்தப் போராட்டம் தேவையான போராட்டம். அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாடம் அதிகம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, இந்தப் பாடம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். எதற்காக எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தால் பதினொன்றாவது பாடமும் சுமையாகத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று எடுத்தால் ஒன்பதாவதே பாரம்தான்.

கல்லூரிக்கு வரும் பிள்ளை இந்த இரண்டாவது பழக்கத்தைத்தான் பெரும்பாலும் கூடவே கொண்டு வருகிறது.

ஒரு கிரெடிட் எவ்வளவு எடை?

2007இல் அமைக்கப்பட்ட எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120.

மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். வாரத்துக்கு மூன்று மணி வகுப்பு, 14 வாரம், ஆக 42 மணி. மீதி 78 மணி? அது கால அட்டவணையில் இருக்காது. படிப்பது, இடுபணி எழுதுவது, குழுவாகக் கூடுவது, ஆய்வக அறிக்கை, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அந்த 78க்குள் அடக்கம். அட்டவணையில் கண்ணுக்குத் தெரிவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

வீட்டில் சச்சரவு தொடங்குவதும் இங்கேதான். அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பான் பையன். அதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்பார்.

"ஏன்பா, வாரத்துல பதினஞ்சு மணி நேரந்தானே கிளாஸு? இன்னும் ரெண்டு பாடம் சேத்து எடுத்தா சீக்கிரம் முடிச்சிறலாம்ல?"

"இல்லமா, அசைன்மெண்ட் எல்லாம் இருக்கு."

"அதத்தான் ராத்திரில செய்வியே. அப்பா ஓ.டி. செஞ்சி கட்டுறாருபா."

அம்மா சொல்வதில் பாதி நியாயம். ஓ.டி. செய்து கட்டுகிற பணம் என்பது உண்மை. ஆனால் அந்த ராத்திரி எவ்வளவு நீளம் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்ப்போம். அம்பாங்கானில் வீடு, நீலாயில் கல்லூரி என்று வைத்துக் கொள்ளலாம். நீலாயில் தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருப்பதால் இது நம் பிள்ளைகள் பலருக்கு வழக்கமான வழி. சிரம்பான் நிலையத்துக்கு வந்து கொமுட்டர் ஏறி, தீரோய், லாபு தாண்டி நீலாயில் இறங்கி, அங்கிருந்து கல்லூரி. காத்திருப்பையும் சேர்த்தால் போக ஒரு மணி, வர ஒரு மணி என்பது தாராளமான கணக்கல்ல. வாரக் கடைசியில் பேரங்காடியிலோ பெட்ரோல் நிலையத்திலோ 20 மணி நேர வேலை. மாணவர் எடுத்திருப்பது 18 கிரெடிட், அதாவது ஆறு பாடம்.

18 கிரெடிட்டுக்கு 720 மணி. வகுப்பு, இடைவிடுமுறை, தேர்வு எல்லாம் சேர்த்து ஒரு செமஸ்டரைப் பதினேழு வாரம் என்று கொண்டால், வாரத்துக்கு ஏறக்குறைய 42 மணி. ஒரு முழுநேர வேலை. இதில் வகுப்பு 18 மணி போக, தானாக உட்கார வேண்டியது 24 மணி. சனி, ஞாயிறு வேலைக்குப் போய்விட்டது. ஐந்து இரவுகள் மட்டும் மிச்சம். மாலை ஏழு மணிக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்குப் புத்தகத்தை எடுத்தால் இரவு ஒன்றேகால் மணி வரை உட்கார வேண்டும். ஐந்து இரவும். காலை ஆறரைக்கு மறுபடி கிளம்ப வேண்டும்.

இப்படி இரண்டு வாரம் ஓட்டலாம். ஏழாம் வாரத்தில் இடைத்தேர்வு வரும்போதும், பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு ஆறு பாடத்தின் இடுபணிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போதும் ஓட்ட முடியாது. அப்போது பிள்ளை என்ன செய்யும்? முதலில் தூக்கத்தைக் குறைக்கும். அடுத்து காலை வகுப்பைத் தவிர்க்கும். பிறகு, கடினமாக இருக்கும் பாடத்தை மெல்லக் கைவிடும். கைவிடப்படுவது எப்போதும் கடினமான பாடம்தான், அதுதான் பெரும்பாலும் அந்தப் படிப்பின் அடித்தளப் பாடமாகவும் இருக்கும். அதில் தவறினால் அடுத்த செமஸ்டரில் அதைத் தொடர்ந்து வரும் பாடத்தையும் எடுக்க முடியாது. 'சீக்கிரம் முடிக்கலாம்' என்று தொடங்கியது ஓர் ஆண்டு தாமதத்தில் போய் நிற்கும்.

அதே மாணவர் 12 கிரெடிட் எடுத்திருந்தால்? வாரத்துக்கு 28 மணி. வகுப்பு போக 16. ஐந்து இரவுக்குப் பிரித்தால் இரவு பதினொன்றே முக்காலுக்குள் விளக்கை அணைக்கலாம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். தேறுவதும் தவறுவதும் பல நேரம் அந்த ஒன்றரை மணியில்தான் இருக்கிறது.

குறைத்து எடுப்பதற்கும் விலை உண்டு

அதற்காக எல்லாரும் பன்னிரண்டு எடுங்கள் என்று சொன்னால் அது ஏமாற்று வேலை. 120 கிரெடிட்டைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எடுத்தால் பத்து செமஸ்டர் ஆகும். பதினெட்டாக எடுத்தால் ஏழாவது செமஸ்டரில் முடிந்துவிடும். மூன்று செமஸ்டர் என்றால் ஒன்றேகால் ஆண்டுக்கும் மேல். அத்தனை காலம் பயணச் செலவு, சாப்பாடு, கல்லூரியின் இதர கட்டணங்கள். பி.டி.பி.டி.என். கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு கவலை. கடன் படிப்பின் காலத்தைக் கணக்கிட்டுத் தரப்படுவது. காலம் நீண்டால் கடைசி செமஸ்டர்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை முதல் செமஸ்டரிலேயே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். முழுநேர மாணவர் என்ற தகுதிக்கே பெரும்பாலான இடங்களில் சுமார் 12 கிரெடிட் தேவைப்படுகிறது, அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே இழுபறி. அங்கே கல்வி உதவிக்கு 12 கிரெடிட் எடுத்தால் முழுநேர மாணவர். ஆனால் நான்கு ஆண்டில் 120 முடிக்க செமஸ்டருக்கு 15 வேண்டும். ஹவாய் பல்கலைக்கழகம் '15 எடுத்தால் முடிக்கலாம்' என்று ஓர் இயக்கமே நடத்தியது. ஐரோப்பாவில் ஓர் ஆண்டுப் படிப்பை 1,500 முதல் 1,800 மணி என்று வகுத்திருக்கிறார்கள். நம் கணக்குப்படி ஆண்டுக்கு 40 கிரெடிட் எடுத்தால் 1,600 மணி. ஊர் எதுவானாலும் மனிதரின் ஆண்டு ஒரே அளவுதான் போலிருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் செமஸ்டருக்கான பாடங்களைத் தாமே வகுத்துக் கொடுத்துவிடுவதால், எத்தனை எடுப்பது என்ற தலைவலி அங்குள்ள மாணவருக்குக் குறைவு. தவறினால் 'அரியர்' வைத்து எழுதும் தலைவலிதான் அதிகம்.

இங்கே பேச வேண்டிய இன்னொன்று பகுதிநேர வேலை. பாடத்தைக் குறைப்பதா என்று யோசிக்கும் பிள்ளைகள், வேலையைக் குறைப்பதா என்று யோசிப்பதில்லை. 2025ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது, மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. 20 மணி நேரத்துக்கு வாரம் 174 வெள்ளி. இதை 8 மணி நேரமாகக் குறைத்தால் வாரத்துக்கு 105 வெள்ளி போய்விடும், பதினேழு வாரத்தில் 1,779 வெள்ளி. ஆனால் கையில் 12 மணி நேரம் திரும்பக் கிடைக்கும். அது ஐந்து கிரெடிட்டுக்கான நேரம். செமஸ்டருக்கு ஐந்து கிரெடிட் கூடினால், அதாவது 13க்குப் பதில் 18 எடுத்தால், மூன்று செமஸ்டர் முன்னதாக வெளியே வரலாம். அந்தப் பதினைந்து மாதத்தில் வெறும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை பார்த்தால்கூட 25,500 வெள்ளி. ஏழு செமஸ்டரிலும் இழக்கும் பகுதிநேரச் சம்பளம் ஏறக்குறைய 12,450. காகிதத்தில் பார்த்தால் வேலையைக் குறைப்பதுதான் லாபம்.

காகிதத்தில். அந்த 105 வெள்ளி தம்பியின் பள்ளி பஸ்ஸுக்கும் வீட்டு மின்சாரக் கட்டணத்துக்கும் போகிற வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையிடம் பதினைந்து மாதம் கழித்து வரும் லாபத்தைப் பேசிப் பயனில்லை. அவர்களுக்கு உகந்தது 12 முதல் 14 கிரெடிட், நீண்ட விடுமுறையில் முழுநேர வேலை. பெற்றோர் இதைத் தோல்வியாகப் பார்க்கக் கூடாது. வேலை செய்துகொண்டே பத்து செமஸ்டரில் வாங்கும் பட்டமும் பட்டம்தான்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் கணக்கில் ஏறாத ஒரு சுமை இருக்கிறது. அம்மா செனவாங்கில் இரவு ஷிஃப்ட் என்றால் வீட்டுச் சமையல், தங்கை தம்பியின் வீட்டுப்பாடம், பாட்டியின் மருந்து எல்லாம் மூத்த மகள் தலையில். அண்ணன் கல்லூரியிலிருந்து வந்தால் 'களைப்பா வந்திருக்கான்' என்பார்கள். தங்கை வந்தால் அரிசி களைய வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றாலும் வாரத்துக்கு 14 மணி, ஆறு கிரெடிட்டுக்குச் சமம். மகள் 18 கிரெடிட் எடுத்திருக்கிறாள் என்றால் உண்மையில் அவள் இழுப்பது 24. அவளுக்குப் பாடத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன், வீட்டில் அண்ணனும் அப்பாவும் எதை எடுத்துக் கொள்ளலாம் என்று பார்ப்பது நல்லது.

எதோடு எதைச் சேர்ப்பது

எண்ணிக்கை மட்டும் போதாது. 15 கிரெடிட்டும் கணக்கும் புள்ளியியலுமாக இருப்பது வேறு, இரண்டு கணக்குப் பாடம், ஒரு மொழிப்பாடம், ஒரு கட்டுரைப் பாடம், ஒரு பொதுப்பாடம் என்று கலந்திருப்பது வேறு. ஆய்வகம் உள்ள பாடம் சொல்லப்பட்ட மணியைவிட அதிகம் தின்னும். 2013இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.யூ. எனும் கட்டாயப் பொதுப்பாடங்களைச் சிலர் 'சுலபம்தானே' என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். இறுதி ஆண்டில் ஆய்வேடும் தொழிற்பயிற்சியும் வந்து நிற்கும்போது, அந்தச் சுலபமான பாடமே காலைத் தடுக்கும். கனமான செமஸ்டரில் ஒன்றாக அவற்றை இடையில் செருகிக் கொள்வது புத்திசாலித்தனம்.

முதல் செமஸ்டர் தனிக்கதை. ஊரும் புதிது, பாடம் நடத்தும் மொழி பலருக்கு ஆங்கிலம், கேள்வி கேட்கும் முறையும் புதிது. பள்ளியில் ஆசிரியர் துரத்திப் படிக்க வைத்தார், இங்கே யாரும் துரத்த மாட்டார்கள். தினமும் பயணம் செய்து, வேலையும் பார்க்கும் பிள்ளை முதல் செமஸ்டரில் 15ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது. சி.ஜி.பி.ஏ. மூன்றுக்கு மேல் நின்றால் இரண்டாம் ஆண்டில் 18 எடுக்கலாம், இன்னும் நன்றாக இருந்தால் அனுமதி பெற்று அதற்கு மேலும் போகலாம். இரண்டுக்குக் கீழே போனால் பெரும்பாலான கல்லூரிகளில் கண்காணிப்பு நிலையில் வைத்து, அவர்களே பாடத்தைக் குறைத்துவிடுவார்கள். கடனுதவி வாங்குபவர்களுக்கு அந்த இரண்டு என்ற எண் இன்னும் முக்கியம். தேர்ச்சி அதற்குக் கீழே சரிந்தால் அடுத்த பணம் வருவதிலும் சிக்கல் வரும். முதல் செமஸ்டரில் விழுந்த சி.ஜி.பி.ஏ.வைத் தூக்கி நிறுத்த எத்தனை செமஸ்டர் ஆகும் என்று அனுபவப்பட்ட மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இடைநிலைப்பள்ளி முடித்து மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். போகிறவர்களுக்கு இந்தத் தேர்வுரிமை குறைவு, பாடங்கள் ஏறக்குறைய வகுக்கப்பட்டிருக்கும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் முதல் செமஸ்டரை அவர்களே நிரப்பித் தருவது உண்டு. தனியார் கல்லூரியில்தான் பிள்ளை கையில் முடிவு அதிகம். சேர்க்கைப் பிரிவில் இருப்பவர் 'எல்லாரும் இதைத்தான் எடுப்பார்கள்' என்று ஓர் அட்டவணையை நீட்டுவார். அது விடுதியில் தங்கி, வேலை எதுவும் பார்க்காமல் படிக்கும் மாணவருக்காகப் போட்ட அட்டவணை. அம்பாங்கானிலிருந்து கொமுட்டரில் வருபவருக்காகப் போட்டதல்ல.

யாரிடம் கேட்பது? ஒவ்வொரு மாணவருக்கும் கல்விசார் ஆலோசகர் என்று ஒரு விரிவுரையாளர் பெயர் ஒதுக்கப்பட்டிருக்கும். மூன்றாண்டு படித்தும் அவர் முகத்தைப் பார்க்காத பிள்ளைகள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அதிகாரியிடம் போய் நிற்பதில் ஒரு தயக்கம், தோட்டத்து அலுவலகத்தின் வாசலில் தொப்பியைக் கழற்றி நின்ற தாத்தாவிடமிருந்து வந்த தயக்கமோ என்னவோ. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு தூரப் பயணம், வீட்டில் என்ன பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு அவரிடம் போனால் பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். தாளில்லாமல் போனால் அவரும் அதே பொது அட்டவணையைத்தான் நீட்டுவார்.

கடைசியாக ஒரு தேதி. பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் பெரும்பாலான கல்லூரிகள் செமஸ்டரின் முதல் ஒன்றிரண்டு வாரம் அவகாசம் தருகின்றன. அதற்குள் ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தையும் வாங்கி, எந்த வாரம் எந்த இடுபணி, எந்த வாரம் தேர்வு என்று ஒரே நாள்காட்டியில் குறித்துப் பார்க்கலாம். மூன்று பாடத்தின் இடுபணி ஒரே வாரத்தில் விழுந்தால் அப்போதே ஒன்றை எடுத்துவிடலாம். கட்டணமும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும், சான்றிதழில் எதுவும் பதிவாகாது. அந்தத் தேதி தாண்டிய பிறகு விலகினால் பணம் போகும், விலகல் என்று பதிவாகும். அதன் பிறகும் ஒரு கடைசித் தேதி உண்டு. அதையும் தவறவிட்டு வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டால் அது விலகல் அல்ல, தோல்வி. இந்த இரண்டு தேதிகளும் கல்லூரி நாள்காட்டியின் முதல் பக்கங்களிலேயே இருக்கும். மகனோ மகளோ இந்த ஆண்டு சேர்ந்திருந்தால் இன்று மாலை அந்த நாள்காட்டியை வாங்கிப் பாருங்கள்.